விரதம் இருந்த சர்க்கார் காளை

சர்க்கார் எங்களுக்கு ஒரு காளையை அனுப்பப் போகிறது என்று சொன்னபோது குடியிருப்பில் ஒருவரும் நம்பவில்லை. அதுவரை சர்க்காரிடமிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் அம்மை ஊசியும் அதட்டலும்தான். இனாமாகக் காளை என்றால் பின்னால் என்ன கேட்பார்களோ என்ற பயம் வேறு. "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்றார் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி. காளை வந்து இறங்கியதும் முதல் ஆளாகப் போய் அதன் வாயைத் திறந்து பார்த்தவரும் அவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் முன்பாதி அது. ரப்பர் விலை விழுந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம். விலை விழுந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட்டன. பாதிப் பேர் ஊருக்குக் கப்பலேறினார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஏறவில்லை. கப்பலேறிய ஒருவர், கூட ஓட்டிக்கொண்டு போக முடியாத தன் செவலைப் பசுவை எங்களிடம் விட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டு, மலாயாவின் ஈய டவுனான ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். டவுனுக்கு வெளியே, ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட குளத்தின் கரையில், எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஓலை வேய்ந்து அத்தாப்புக் கூரை போட்டு, ஆளுக்கு ஒன்றிரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைத்தார்கள்.

செவலை வந்த புதிதில் நன்றாகத்தான் கறந்தது. பிறகு பால் வற்றியது. அதன் பிறகு சினையே பிடிக்கவில்லை. அதையும் குற்றம் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே காளை எங்கள் பூசாரியின் ஆட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனார். நான் அடுத்த வீட்டுப் பாலைத் தலையில் சுமந்து டவுனில் ஊற்றிவிட்டு வந்தேன். வயிறு நிறையவில்லை என்றாலும் காயவில்லை.

அப்போதுதான் பழைய தோட்டத்துக் கங்காணி வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். ரப்பர் மரம் சீவ ஆள் வேண்டும், கூலிக்காரர் லயத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தைக்குள்ள பசு சினை பிடிக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் வாரோம் கங்காணியாரே" என்றார் என் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியும் முன்னே தப்பு அடித்து எழுப்பி, இருட்டில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். காய்ச்சல் என்றாலும் நிற்க வேண்டும். ஒருநாள் நான் அப்படி நின்று மயங்கி விழுந்தேன். வரிசையை விட்டு ஓடிவந்து என்னைத் தூக்கியதற்காக இவர் எல்லார் முன்னாலும் வசவு வாங்கினார். அந்த இடத்துக்கா திரும்பிப் போகச் சொல்கிறார் இந்த மனுஷன்? இங்கே என்னை எழுப்புவது செவலைதான். அது கூப்பிட்டால் 'வாரேன் இரு' என்று படுத்துக்கொண்டே சொல்லலாம். அந்தச் சுகத்தை நான் எதற்காகவும் விடுவதாக இல்லை.

ஆகவே சர்க்கார் காளை வருகிறது என்றபோது மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அதுதான் வாழ்வு.

ஆடி மாதத்தில் லோரியில் வந்து இறங்கியது. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. திமில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, கழுத்துத் தோல் மடிமடியாகத் தொங்கி, நெற்றியில் ஒரு கம்பீரம். கழுத்தில் சர்க்கார் முத்திரை போட்ட பித்தளை வில்லை. கூடவே பக்கத்து டவுனான பத்து காஜாவிலிருந்து மாட்டு டாக்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், சைக்கிளை விட்டு இறங்கினால் முதலில் கால்சட்டையைத் தட்டிவிட்டுத்தான் பேசுவார்.

"இந்த டவுன் பெருத்துக்கொண்டு போகுது" என்றார் அவர். "ஆனா சனம் கப்பல்ல வாற தகர டின் பாலைக் குடிக்குது. ஏன், இஞ்ச மாடு இல்லையோ? நல்ல சாதிக் கண்டுக்குட்டி பிறந்தா நீங்கள் ஒருத்தற்ற கையையும் பாக்கத் தேவையில்லை. காளைக்குக் காசு இல்லை, மருந்துக்குக் காசு இல்லை, நான் வாறதுக்கும் காசு இல்லை. மார்கழியோட இதைத் தாப்பா ஊருக்குக் கொண்டுபோயிடுவம். அதுக்குள்ள உங்கட பசுக்களைப் பாத்துக்கொள்ளுங்கோ."

கொட்டகையில் கட்ட வேண்டும், புல்லும் அளவான பிண்ணாக்கும் போதும், தினமும் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அன்று சாயங்காலமே காளை கயிற்றை உருவிக்கொண்டு கிளம்பி, நேராக மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போய், அம்மனைப் பார்த்தபடி காலை மடக்கிப் படுத்தது. அவ்வளவுதான், தீர்ந்தது கதை.

"அம்மனைப் பாத்து உக்காந்துருச்சுலா!" என்று கத்திக்கொண்டே பூசாரி உள்ளே ஓடிக் குங்குமத்தை எடுத்து வந்தார். அடுத்த நாள் காலையில் அதன் கழுத்தில் செவ்வரளி மாலை, கொம்பில் மஞ்சள் துணி. சர்க்கார் காளை போய்க் கோயில் காளை வந்துவிட்டது. கோயில் காளையை யார் கட்டிப் போடுவார்கள்? அது வீடு வீடாக வந்தது. எந்த வீட்டு வாசலில் நின்றதோ அந்த வீட்டுக்கு யோகம் என்று பேச்சு. ஆடி மாதம் வேறு, குடியிருப்பு முழுக்கக் கூழ்ப் பானை. ஒரு வீட்டில் கூழ், ஒரு வீட்டில் பச்சரிசிச் சோறு, ஒரு வீட்டில் வாழைப்பழச் சீப்பு. பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரே ஒருநாள் ரொட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களுமா அக்கா?" என்றேன்.

"வாசல்ல வந்து நிக்குதுடி. யாரு வீட்டுப் புள்ளையா இருந்தா என்ன, பசின்னு வந்தாக் குடுக்கணும்லா" என்றார்.

பசியா? அதற்குப் பசி என்றால் என்ன என்றே மறந்துபோயிருந்தது. ஆவணி பிறந்தபோது அதன் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. எழுந்து நடக்கப் பெருமூச்சு விட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் செவலை பருவத்துக்கு வந்து, விடிந்ததிலிருந்து கத்த ஆரம்பித்தது. நான் ஆசை ஆசையாக அதை ஓட்டிக்கொண்டு போய்க் காளையின் முன்னால் நிறுத்தினேன். காளை செவலையை ஒரு பார்வை பார்த்தது. பிறகு விருந்து முடிந்த சம்பந்தியைப் போல ஓர் ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கோயில் வாசல் என்றும் பாராமல் வைதேன். காளையை வைதேன், கூழ் ஊற்றியவர்களை வைதேன், பூசாரியை வைதேன். "கோயில் காளைக்குக் குடுக்காதேன்னு சொல்ற வாயி நல்ல வாயா?" என்று அவர்கள் என்னைத் திருப்பி வைதார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த மனுஷனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், லயத்துக்குப் போகலாம் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் வெல்லச் சட்டியிலும் வெல்லம் குறைந்திருந்தது. அந்தக் கோபத்தையும் எறும்புகள் மேல் காட்டினேன்.

மறுநாள் காலை மோட்டார் பஸ் ஏறிப் பத்து காஜாவுக்குப் போனேன். தனியாகப் போய் சர்க்கார் கந்தோர் படி ஏறிய முதல் பெண்பிள்ளை எங்கள் குடியிருப்பில் நான்தான். வாசலில் இருந்த மலாய்க்காரப் பியூன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் பெஞ்சியைக் காட்டினார். டாக்டர் வெளியே வந்தார்.

"காளை வேலை செய்யல ஐயா" என்றேன்.

"ஏன், வருத்தமோ?" யாழ்ப்பாணத்தில் நோயை அப்படிச் சொல்வார்கள்.

"வருத்தம் எனக்குத்தான். அது நல்லாத் தின்னுட்டுத் தூங்குது."

அடுத்த நாளே அவர் வந்தார். கால்சட்டையைத் தட்டக்கூட மறந்து காளையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதென்ன காளையோ, நெல்லு மூட்டையோ? என்ன குடுத்துப்போட்டியள்?" என்று கேட்டார். பிறகு அரச மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து நெடுநேரம் சொன்னார். காளைக்குக் கொழுப்பு ஆகாது. புல் மட்டும். தினமும் மைல் கணக்கில் நடை. இல்லாவிட்டால் காளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், இந்தக் குடியிருப்புக்கு இனி ஒரு உதவியும் கிடைக்காது.

"சரிங்கையா, சரிங்கையா" என்றது கூட்டம். அவர் சைக்கிள் குளத்தங்கரையைத் தாண்டியதுதான் தாமதம், ஒரு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. "பாவம், அதுக்கு முன்னாலயே இப்படித் திட்டிட்டாரு" என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டே ஊட்டினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. குடியிருப்பே விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படாமல், கோயிலில் கூடியிருந்தோம். பசியில் எனக்குக் காது அடைத்தது. அப்போது பூசாரி ஒரு தட்டு நிறைய வடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எங்கே என்று பார்த்தால், காளைக்கு.

அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன்.

"ஏன் பூசாரியாரே, நாங்கள்லாம் வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கோம், உங்க கோயில் காளை மட்டும் வடை திங்குமா? சாமி மாடுன்னா அதுவும் வெரதம் இருக்கட்டுமே! நாமதான் நடந்து நடந்து சாமி கும்பிடுறோம், அதுவும் மலைக்கோயிலுக்கு நடந்து போய்ட்டு வரட்டுமே! உக்காந்து திங்கறதுக்குப் பேரு பக்தியா?"

நான் குத்திக்காட்டத்தான் சொன்னேன். சத்தியமாக அதற்கு மேல் என் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலில் எல்லாரும் வடைத் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி தட்டைக் கையில் ஏந்தியபடி யோசித்தார்.

"அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார் மெல்ல. "வெரத நாள்ல சாமி மாட்டுக்கு வடையைக் குடுத்து அதோட வெரதத்தக் கெடுத்துப் பாவத்தக் கட்டிக்கிட்டமே."

"எங்கள்லயும் தவக்காலத்துல அப்படித்தான்லா. சாமிக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறவங்கதான் முதல்ல வயித்தக் கட்டணும்" என்றார் வேதக்கார அக்கா வாசலில் நின்றபடியே.

மாட்டு டாக்டர் மரத்தடியில் தொண்டை வறளச் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறியிருந்தது. விரதம் என்றதும் நிலைமை மாறியது. அன்றே காளைக்கு மஞ்சள் கயிறு கட்டிக் காப்புப் போட்டார் பூசாரி. புல்லும் தண்ணீரும் மட்டும். விடிந்ததும் மலைக்குகைக் கோயிலுக்கு நடை. ஒரு வாழைப்பழத் தோலைக் காளைப் பக்கம் வீசிய குற்றத்துக்காக ஒருவரை ஊரே கூடி நிற்க வைத்துக் கேட்டது. விரதத்தைக் கலைத்தால் அம்மன் சும்மா விடுவாளா?

அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முன்னால் பூசாரி மணியாட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு காளை. அதற்குப் பின்னால் பால் பாத்திரங்களோடு நாங்கள், எப்படியும் டவுனுக்குப் போக வேண்டியவர்கள்தானே. வழியில் சீனர்களின் கீரைத் தோட்டங்கள். ஒரு தோட்டக்காரர் கம்பை ஓங்கிக்கொண்டு கீரைக்குக் காவல் நிற்பார். காளை அந்தப் பக்கம் திரும்பாமல் போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவரே கம்பைப் போட்டுவிட்டுக் கையசைக்க ஆரம்பித்தார். ஒருநாள் சாலைத் திருப்பத்தில் எதிரே ஒரு துரையின் மோட்டார் வண்டி வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் பழக்கத்தில் பதறி ஒதுங்கினோம். காளை ஒதுங்கவில்லை. அங்கே நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் அதன் கழுத்து வில்லையைப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, துரையின் வண்டியை நிறுத்திவிட்டார்.

"கவர்மெண்ட் பூஞா, துவான்!" என்றார். சர்க்காருடையதாம்.

காளை ஆற அமரச் சாலையைக் கடந்தது. அதன் பின்னால் நாங்களும் கடந்தோம், தலையை நிமிர்த்திக்கொண்டு. தோட்டத்தில் துரையின் வண்டிச் சத்தம் கேட்டாலே வடிகாலில் இறங்கி நின்ற கால்கள் அவை. நான் அன்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. காளையைப் பார்த்த டவுன்காரர்கள் எங்கள் பாத்திரங்களையும் பார்த்தார்கள். "இது அந்தக் காளை வீட்டுப் பாலா?" என்று கேட்டு வாங்கினார்கள். மலைக்கோயில் போய்ச் சேருவதற்குள் பாத்திரங்கள் காலி. தகரத்துப் பாலில் டீ போட்ட கடைக்காரர்கூட எங்களை நிறுத்தி ஊற்றச் சொன்னார். மாட்டு டாக்டர் நினைத்த வளர்ச்சி கன்று பிறக்கும் முன்பே வந்துவிட்டது.

புரட்டாசி முடிந்ததும் விரதத்தைக் கந்த சஷ்டி வரை நீட்டினோம். காளையின் வயிறு வற்றி, முதுகு நிமிர்ந்து, வந்து இறங்கிய நாளின் கம்பீரம் திரும்பியது. டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன செய்தனீங்கள்?" என்றார். "வெரதம்" என்றோம். அவர் அதைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில் செவலை மறுபடியும் கத்தியது. நான் ஓட்டிக்கொண்டு போனேன். இந்த முறை காளை ஏப்பம் விடவில்லை. அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

அதன் பிறகு செவலை கத்துகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். கத்தவில்லை. அது நல்ல குறிதான். ஆனாலும் மனசு நிற்கவில்லை. கங்காணி நடுவில் ஒருமுறை வந்து, "லயத்து அறைக்கு வெள்ளையடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் செவலைக்குப் புல் போடப் போய்விட்டார்.

மார்கழியில் டாக்டர் காளையை அழைத்துப் போக லோரியோடு வந்தார். போகும் முன் பசுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எங்கள் முறை வந்தது. சட்டையைக் கழற்றித் தோள்பட்டை வரை சவர்க்காரம் தடவிக்கொண்டு, செவலையின் பின்னால் நின்று கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றார்.

"ஓம்" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே. "சினைதான்."

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. வேதக்கார அக்காவைக் கட்டிக்கொண்டு கத்தினேனாம். டாக்டரின் சோப்புக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனாம். பூசாரி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு காளையை லோரியில் ஏற்ற வேண்டியிருந்தது. அது ஏறுவதாக இல்லை. முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள், பூசாரி மணியாட்டினார். காலை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற என் வீட்டுக்காரரைக் காளை பார்த்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய், அவர் இடுப்பு வேட்டி மடியில் மூஞ்சியை நுழைத்து முட்டித் தேடியது. அவர் விலகினார், அது விடவில்லை. நன்றாகப் பழகிய இடத்தில் தேடுவதைப் போல மறுபக்கமும் தேடியது.

"இவர்தானோ களவாளி!" என்றார் டாக்டர்.

குடியிருப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு வெல்லச் சட்டி நினைவுக்கு வந்தது. நான் எத்தனை எறும்புகளைச் சபித்திருப்பேன்! தலையைத் தொங்கப் போட்டபடி அவர் வேட்டி மடியிலிருந்து கடைசி வெல்லக் கட்டியை எடுத்தார். அதைக் காட்டிக்கொண்டே பலகையில் ஏறினார். காளை பின்னாலேயே ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அப்ப ஆடியிலேர்ந்து அதக் கொழுக்க வச்சது நீங்கதானா? லயத்துக்குப் போகணும்னு அவ்வளவு ஆசையா?"

அவர் செவலைக்குப் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தூக்குச்சட்டியில நீ குடுத்து விடுற சோத்துல பாதியும் அதுக்குத்தான் போச்சு. செவலை சினை பிடிக்கணும், நீ மறுபடி அந்தப் பெரட்டுல போய் நிக்கக்கூடாதுன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டுக் குடுத்தேன். வெரதம்னு வந்த பொறவு சோறு குடுக்கல. வெல்லத்த மட்டும் விட முடியல. வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க, அதான்."

"அப்பக் கங்காணிகிட்ட ஏன் வாரேன்னு சொன்னீங்க?"

"தைக்குள்ளன்னு சொன்னாத்தான் அம்மனும் சீக்கிரம் பாப்பான்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அது எது வரைக்கும் சிரிப்பு, எதற்கு மேல் அழுகை என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மனுஷன் எனக்காகப் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியாலேயே என்னை லயத்துக்கு அனுப்பியிருப்பார். அவரைப் பிடித்து உட்கார வைத்து, இருந்த சோறு முழுவதையும் போட்டு, அவர் தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள், செவலையின் கொம்புக்கு நான் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, கங்காணி வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"நாங்க வரலைங்க கங்காணியாரே" என்றார். "எங்க வீட்டுல காலையில பசுதான் பேரு கூப்புடுது."

கங்காணி செவலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஒரு இலையைப் போட்டுப் பொங்கல் வைத்தேன்.